நெகட்டிவை வீசிவிட்டு ஃபிலிமைக் காதலிப்பவர்கள்

ஃபிலிமில் படமெடுப்பவர்களைப் பற்றி இன்று இரண்டு பேச்சுகள்தாம் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது ஏளனம். கைப்பேசி கண்ணிமைக்கும் நேரத்தில் பத்துப் படங்களைத் தருகிற காலத்தில், முப்பத்தாறு படங்களுக்காக ஆயிரம் ரூபாய்க்குமேல் செலவழிப்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பழம்பொருள் மோகம் என்கிறது அது. இரண்டாவது பக்தி. ஃபிலிமுக்கு ஆன்மா உண்டு, அது பொறுமையைக் கற்றுத்தரும், அதில் விழுவதே மெய் என்கிறது.

ஏளனத்தைவிட இந்த பக்தியே எனக்குக் கூடுதல் எரிச்சலைத் தருகிறது. ஏளனம் செய்பவருக்கு ஃபிலிம் பழக்கமில்லை, அவரை விட்டுவிடலாம். பக்தரோ அதைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெறுமதி என்னவென்று அறியாதவராக இருக்கிறார். எதற்காக நேசிக்கிறோம் என்று தெரியாமல் ஒன்றை நேசிப்பவர், அதில் நேசத்துக்குரிய பகுதியைத்தான் முதலில் குப்பையில் போடுவார். இதை உருவகமாகச் சொல்லவில்லை. இன்று உலகின் பல ஃபிலிம் ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பதைத்தான் சொல்கிறேன். அங்கே வருவதற்கு முன்பு வழியில் கிடக்கும் சில முட்களை அகற்ற வேண்டியிருக்கிறது.

1

ஃபிலிமுக்கு இரங்கற்பா பாடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 1975-இல் முதல் டிஜிட்டல் காமிராவை உருவாக்கிய ஸ்டீவ் சாஸன் பணியாற்றியது கோடாக் நிறுவனத்தில். தன் வீட்டிலேயே பிறந்த அந்தக் குழந்தையோடு எப்படி வாழ்வதென்று தெரியாமல் அதே கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. நம் ஊரிலும் அந்தக் கதைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய உதகமண்டலத்தின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களையும் எக்ஸ்ரே ஃபிலிம்களையும் நாடெங்கும் அனுப்பியது. நீலகிரியின் குளிரையும் தூசியற்ற காற்றையும் நம்பி எழுந்த அந்தத் தொழிற்சாலை, பல ஆண்டுகள் நலிந்து கிடந்து கடைசியில் இழுத்து மூடப்பட்டது. இன்று இங்கே ஒருவர் காமிராவில் பொருத்துகிற சுருள் பெரும்பாலும் கப்பலேறி வந்ததாகவே இருக்கும்.

ஆனால் செத்ததாகச் சொல்லப்பட்டது எழுந்து நடமாடுகிறது. 2012-இல் கைவிட்ட எக்டாகுரோம் சுருளை கோடாக் 2018-இல் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2004-இல் கடனில் மூழ்கிய இல்ஃபோர்டின் பிரிட்டிஷ் ஆலையை அதன் மேலாளர்களே வாங்கி ஹார்மன் என்ற பெயரில் நடத்தினார்கள். கறுப்பு வெள்ளைக்குப் பேர்போன அந்த ஆலை 2023-இல் ஃபீனிக்ஸ் என்ற புதிய வண்ணச் சுருளை வெளியிட்டது. 2024-இல் பென்டாக்ஸ் நிறுவனம் புத்தம்புதிய ஃபிலிம் காமிரா ஒன்றை வடிவமைத்து விற்பனைக்கு விட்டது. லாபநட்டக் கணக்கில் கறாரான நிறுவனங்கள் வெறும் ஏக்கத்தை நம்பிப் புது இயந்திரம் செய்யமாட்டா. மேலும், இவற்றை வாங்குகிறவர்களில் பலர் இருபதுகளில் இருப்பவர்கள். தாம் வாழ்ந்திராத காலத்துக்காக ஒருவர் ஏங்க முடியும் என்றாலும், அந்த ஏக்கத்துக்குக் கைப்பேசியில் ஒரு ‘ஃபில்டர்’ போதும். ஆகவே ஏளனத் தரப்பின் விளக்கம் போதவில்லை. ஆனால் பக்தித் தரப்பின் விளக்கம் போதுமா?

2

பக்தர்கள் சொல்லும் காரணங்களைத் தொகுத்தால் மூன்றில் அடங்கிவிடும். ஒழுக்கம், உண்மை, அழகு.

முதலில் ஒழுக்கம். சுருளில் முப்பத்தாறே படங்கள். ஆகவே ஃபிலிமில் எடுப்பவர் யோசித்து, காத்திருந்து, நிதானமாக விசையை அழுத்துவார் என்று சொல்லப்படுகிறது. ஃபிலிம் யுகத்தின் பெருங்கலைஞர்களுடைய வரலாற்றை ஒருமுறை புரட்டினால் இந்த வாதம் கரைந்துவிடும். ராபர்ட் ஃபிராங்க் ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலுக்காக 1955 முதல் 1957 வரை அமெரிக்காவைச் சுற்றியபோது பயன்படுத்திய சுருள்கள் 767. சுமார் 27,000 படங்கள். அவற்றிலிருந்து நூலில் இடம்பெற்றவை 83. கேரி வினோகிராண்ட் இன்னும் ஒரு படி மேலே போனவர். 1984-இல் அவர் இறந்தபோது கழுவப்படாத சுருள்கள் மட்டும் ஏறத்தாழ 2,500 இருந்தன; கழுவியும் கான்டாக்ட் ஷீட் போட்டுப் பார்க்காதவை 6,500. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவரே பார்க்கவில்லை. இதில் எங்கே இருக்கிறது சிக்கனம், எங்கே இருக்கிறது தவம்? கையில் காசு குறைவாக இருப்பவர் குறைவாக எடுப்பார், அவ்வளவுதான். வறுமையை ஒழுக்கமென்று பெயர்மாற்றுவது நம் பண்பாட்டில் பழைய வழக்கம். அதை இருட்டறைக்குள்ளும் கொண்டுபோக வேண்டியதில்லை.

அடுத்தது உண்மை. ஃபிலிம் பொய் சொல்லாது என்கிறார்கள். 1857-இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டு ஒரே காட்சியாக்கிக் காட்டினார். ஸ்டாலின் ஆட்சியில், கொல்லப்பட்ட தோழர்கள் படங்களிலிருந்தும் மறைந்துபோனார்கள். இவையாவது மனிதர் செய்த பொய்கள். ஃபிலிமின் வேதியியலுக்குள்ளேயே ஒரு பொய் இருந்தது. பல பத்தாண்டுகளாக ஆய்வகங்களில் வண்ணத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைத் தோலுடைய பெண்ணின் படமே இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் நிறத்துக்கு இசைய அமைக்கப்பட்ட வண்ணச் சுருளில் கறுத்த முகங்கள் விவரங்களை இழந்து, கண்ணும் பல்லும் மட்டும் துலங்கின. அந்நிறுவனம் கரும்பழுப்பு நிறங்களைக் கவனிக்கத் தொடங்கியதற்குச் சாக்லேட் தயாரிப்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் கொடுத்த புகார்கள் முக்கியக் காரணம் என்று, கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் எழுதிய ஆய்வு கூறுகிறது. மனிதர்களின் முகம் சாதிக்காததை மேசையின் நிறம் சாதித்திருக்கிறது. நம் தாய்மார்களின் கல்யாண ஆல்பங்களில் முகத்தில் அப்பியிருக்கும் பவுடருக்கும் இந்தச் சுருளுக்கும் உள்ள உறவை யாரேனும் ஆராய வேண்டும். ஃபிலிம் உண்மையின் மறுபெயர் என்று நம்மிடம் சொல்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கட்டும்.

மூன்றாவது அழகு. இதில் ஓரளவு பொருள் உண்டு. ஃபிலிமில் ஒளியை வாங்குபவை சில்வர் ஹாலைடு படிகங்கள். கூழாங்கற்கள் போல ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பவை. டிஜிட்டல் சென்சாரில் ஒளியை வாங்கும் கட்டங்கள் சதுரங்கப் பலகைபோல் வரிசையில் நிற்கின்றன. வண்ண நெகட்டிவில் ஒளி மிகுந்தால் அது மெல்ல மெல்ல நிறைவை நோக்கிப் போகும். சென்சாரிலோ ஓர் எல்லைவரை ஏறி, சட்டென்று வெறும் வெள்ளையாக நின்றுவிடும். வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் ஃபிலிமில் பிழைத்திருப்பது இதனால்தான். ஆனால் இந்த அழகைக் கணினியில் பெருமளவு போலச்செய்ய முடியும். செபஸ்தியாவ் சல்காடோ 2008-இல் டிஜிட்டலுக்கு மாறினார். விமான நிலையங்களின் எக்ஸ்ரே இயந்திரங்களில் தன் சுருள்கள் பாழாவதைச் சகிக்க முடியாமல் எடுத்த முடிவு அது. அதற்குமுன் ட்ரை-எக்ஸ் சுருளில் எடுத்த படங்களையும் பின்னர் டிஜிட்டலில் எடுத்தவற்றையும் சுவரில் அடுத்தடுத்து மாட்டினால் பயின்ற கண்களே தடுமாறும். அழகு மட்டுமே காரணமென்றால் விவாதம் அங்கேயே முடிந்தது, மென்பொருள் வென்றுவிட்டது.

ஆக, ஒழுக்கமும் இல்லை, உண்மையும் இல்லை, அழகு போதவும் இல்லை. பின் எதற்காக?

3

ஃபிலிமின் மேல் ஒளி விழும்போது கண்ணுக்குத் தெரிகிற எதுவும் நடப்பதில்லை. படிகத்துக்குள் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடுகின்றன. விரல்விட்டு எண்ணத்தக்க அளவே அவை. அந்தச் சிறு கூட்டத்தை அடையாளமாகக் கொண்டு டெவலப்பர் திரவம் முழுப் படிகத்தையும் வெள்ளியாக்கும்போதுதான் உருவம் தோன்றுகிறது. விசையை அழுத்திய கணத்துக்கும் இந்தக் கணத்துக்கும் நடுவே படம் இருக்கிறது, ஆனால் யாராலும் பார்க்க முடியாது. எடுத்தவராலும் முடியாது. சுருளை முன்கூட்டியே பிரித்துப் பார்த்தால் அது அழியும்.

இந்த இடைவெளியைப் பொறுமைப் பயிற்சி என்று சுருக்குவது அதைக் கொச்சைப்படுத்துவதாகும். இங்கே நடப்பது அதிகாரத் துறப்பு. டிஜிட்டலில் படமெடுப்பவர், எடுத்த மறுநொடி திரையில் பார்க்கிறார், பிடிக்காததை அழிக்கிறார், மீண்டும் எடுக்கிறார். தான் பார்க்க விரும்பியது கிடைக்கும்வரை உலகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். ஃபிலிமில் எடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் பார்த்ததாக நினைத்தது ஒன்று. நெகட்டிவில் இருப்பது வேறொன்று. நெகட்டிவ் அவரை மறுத்துப் பேசும். அவர் கவனிக்காத கை ஒன்று ஓரத்தில் நீண்டிருக்கும். அவர் தோற்றுப்போன படங்களும் வென்ற படத்துக்கு இருபுறமும் வரிசையாக, ஓரத்தில் எண்களோடு நிற்கும். வினோகிராண்ட் தன் சுருள்களைக் கழுவுவதற்கு வேண்டுமென்றே மாதக்கணக்கில், சமயங்களில் ஆண்டுக்குமேலும் காத்திருந்தார். எடுத்த பொழுதின் உற்சாகம் வடிந்தபிறகு, பிறர் எடுத்த படங்களைப் போலத் தன் படங்களைப் பார்க்க வேண்டுமென்பது அவர் நோக்கம். படைத்தவனே தன் படைப்பின் முன்னால் வெறும் வாசகனாக நிற்கிற வாய்ப்பு அது. நல்ல புகைப்படக்காரர்கள் ஃபிலிமை விடாமல் பற்றியிருப்பது இந்தத் தோல்வியின் சுவைக்காகத்தான் என்பது என் துணிபு. தன்னை மறுக்கவல்ல ஒன்றை உருவாக்குவதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இது எடுப்பவரின் அந்தரங்கச் சுவையோடு நின்றுவிடுவதில்லை. பழந்தமிழ் நூற்பதிப்பை வகுப்பில் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு நெகட்டிவ் என்பது மூலப்பிரதி. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களை அடிக்குறிப்பாகத் தந்தது, தம் முடிவைப் பின்னால் வருபவர் சோதித்துப் பார்க்கட்டும் என்பதற்காக. பதிப்பாசிரியரின் பெருமை அவர் சரியாகச் சொன்னதில் மட்டும் அடங்கிவிடுவதில்லை. அவர் தவறென்று காட்டக்கூடிய ஏடு எங்கோ பத்திரமாக இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. ஒளிப்படத்தின் வரலாற்றில் நெகட்டிவ் செய்துவந்த வேலையும் அதுவே.

சில வழக்குகளைப் பார்க்கலாம்.

ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் படத்தின் ஓரத்தை வெட்டுவதை வெறுத்தவர். எடுத்த சட்டகமே முழுமை என்ற கொள்கைக்கு அவர் பெயரையே சாட்சியாக அழைப்பது வழக்கம். அவருடைய ஆகப் புகழ்பெற்ற படம் 1932-இல் பாரீசின் சான்-லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்தது. தேங்கிய நீரின் மேல் ஒரு மனிதன் தாவுகிறான். அந்தப் படம் ஓரம் வெட்டப்பட்டது. வேலியின் இடுக்கு வழியே எடுத்ததால் சட்டகத்தின் ஒரு பக்கத்தை மரப்பலகை அடைத்துக்கொண்டிருந்தது. நெகட்டிவ் இருப்பதால் இதை இன்றும் எவரும் பார்க்கலாம். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்குச் சற்று முன்பாக அவர் தன் பழைய நெகட்டிவ்களில் தேர்ந்தவற்றை மட்டும் சுருளிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட்டார். ஆகவே அந்தத் தாவலுக்கு முன்னும் பின்னும் அவர் என்ன எடுத்தார் என்பது நமக்குக் கிடைக்காமலே போயிற்று. ‘தீர்மானகரமான கணம்’ என்று உலகம் கொண்டாடுகிற ஒன்றின் அண்டை வீட்டார் சாட்சி சொல்ல வரவில்லை.

ஸ்பானிய உள்நாட்டுப் போர்க் களத்தில் ஜெர்டா டாரோவும் ராபர்ட் காப்பாவும் அருகருகே படமெடுத்தவர்கள். 1937-இல் டாரோ போர்முனையில் இறந்தார். அவருடைய பல படங்கள் காப்பாவின் பெயரிலும், பெயரே இல்லாமலும் உலவின. மெக்சிகோ நகரில் பல பத்தாண்டுகள் மறைந்திருந்த மூன்று பெட்டிகள் 2007 இறுதியில் நியூயார்க் வந்து சேர்ந்தன. காப்பா, டாரோ, டேவிட் சீமோர் ஆகியோரின் ஏறத்தாழ 4,500 நெகட்டிவ்கள் அவற்றில் இருந்தன. சுருள்களின் வரிசையை வைத்து எது யாருடையது என்று பிரித்தறிய வழி பிறந்தது. இறந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெண்ணுக்கு அவளுடைய படங்கள் திரும்பக் கிடைத்தன. அதே பெட்டிகளில் பலரும் ஆவலோடு தேடிய ஒன்று கிடைக்கவில்லை. 1936-இல் காப்பா எடுத்த, குண்டடிபட்டுச் சாயும் போர்வீரன் படத்தின் நெகட்டிவ். அது போர்க்களத்தில் எடுத்ததா, நடிக்கவைத்து எடுத்ததா என்ற சண்டை இன்றுவரை ஓயாததற்கு அந்த இன்மையே பெருங்காரணம்.

மூன்றாவது வழக்கு நம் காலத்தது. 1972 ஜூன் 8 அன்று வியட்நாமில் நேபாம் தீயிலிருந்து ஆடையின்றி ஓடிவரும் சிறுமியின் படம் நிக் உட் எடுத்ததாக அரை நூற்றாண்டாக அறியப்பட்டது. 2025-இல் வெளியான ஓர் ஆவணப்படம், அதை எடுத்தவர் வேறொரு வியட்நாமியர் என்று வாதிட்டது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் தன் காப்பகத்தில் இருந்த நெகட்டிவை எடுத்து ஆராய்ந்தது. சட்டகத்தின் ஓரங்களில் காமிரா விட்டுச்சென்ற தடயங்களைக் கொண்டு, அது பென்டாக்ஸ் காமிராவில் எடுக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. அன்று நிக் உட்டிடம் இருந்ததாக அதுவரை பேசப்பட்டவை வேறு காமிராக்கள். இருந்தும் பெயரை மாற்றப் போதிய சான்றில்லை என்று அந்நிறுவனம் முடிவுசெய்தது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்போ படைப்பாளர் பெயரை நிறுத்திவைத்தது. வழக்கு முடியவில்லை. ஆனால் ஐம்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, எல்லாத் தரப்பும் பதில் சொல்லியாக வேண்டிய சாட்சியாக ஒரு சிறு ஃபிலிம் துண்டு நிற்கிறது. படத்தைத் தன்னுடையது என்று சொல்லும் எவருடைய விருப்பத்துக்கும் அது கட்டுப்படவில்லை.

4

மறுதரப்பின் வலுவான வாதங்களைத் தவிர்த்துவிட்டு வெற்றி முழங்குவதில் எனக்கு விருப்பமில்லை.

டிஜிட்டலிலும் ‘ரா’ கோப்பு உண்டே, அதுவும் நெகட்டிவ்தானே என்பார்கள். நியாயம். புகைப்படப் போட்டிகளின் இறுதிச் சுற்றில் ரா கோப்பைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கும் வழக்கம் நடைமுறையில் இருக்கிறது. எடுத்த கணத்திலேயே கோப்பில் மறைக்குறியீட்டு முத்திரையைப் பதிக்கும் காமிராக்களும் 2023-இலிருந்து வரத்தொடங்கிவிட்டன. இவை வேண்டும், இவை பரவ வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த முத்திரைகள் அனைத்தும், டிஜிட்டல் உலகம் தான் தொலைத்த நெகட்டிவை மீண்டும் கண்டுபிடிக்க மேற்கொள்ளும் முயற்சிகளே. அந்த முத்திரையைச் சரிபார்க்க ஒரு மென்பொருள் வேண்டும். அதை நம்ப ஒரு நிறுவனம் வேண்டும். அந்த நிறுவனம் ஐம்பதாண்டுகள் கழித்தும் உயிரோடு இருக்க வேண்டும். நெகட்டிவைப் பார்க்க ஜன்னல் வெளிச்சம் போதும்.

நெகட்டிவையும் திருத்தலாமே என்று கேட்கலாம். திருத்தினார்கள்தாம். நம் ஊர் ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ செய்பவர் என்று ஒருவர் தனியாகவே இருந்தார். கூர்தீட்டிய பென்சிலால் நெகட்டிவின் மேல் நுணுக்கமாகத் தீட்டி, அம்மைத் தழும்பை மறைப்பார். கண்ணுக்குக் கீழுள்ள கருமையைத் துடைப்பார். ஆனால் அந்தப் பென்சில் தடம் நெகட்டிவிலேயே இருக்கிறது. சாய்த்துப் பிடித்தால் தெரியும். பொய்யும் அதைச் சொன்ன கையும் ஒரே இடத்தில் பதிவாகியிருக்கின்றன. திருத்தாத பிரதி என்று உலகில் எதுவுமில்லை. திருத்தத்தின் தடத்தைக் காட்டும் பிரதியே நமக்கு வேண்டியது.

செலவும் சூழல் கேடும் உண்மையான குற்றச்சாட்டுகள். ஃபிலிமின் ஜெலட்டின் மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. வெள்ளி சுரங்கத்திலிருந்து வருவது. கழுவிய திரவங்களை அப்படியே சாக்கடையில் விடக்கூடாது. எல்லோரும் எல்லாவற்றையும் ஃபிலிமில் எடுக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ரேஷன் அட்டைக்கான படத்துக்கு நெகட்டிவ் தேவையில்லை. எதற்குச் சாட்சி வேண்டுமோ அதற்கு வேண்டும் என்கிறேன்.

சாட்சியின் தேவை இன்று கூடியிருக்கிறது. 2023 மார்ச்சில், ஒரு கைப்பேசி நிலவைப் படமெடுக்கும் விதத்தைப் பயனர் ஒருவர் சோதித்தார். வேண்டுமென்றே கலங்கலாக்கிய நிலவின் படத்தைக் கணினித் திரையில் வைத்துப் படமெடுக்க, கைப்பேசி அதில் இல்லாத பள்ளங்களையும் மேடுகளையும் சேர்த்துத் தந்தது. நிலவு எப்படியிருக்கும் என்று அதற்கு ஏற்கெனவே தெரியுமாம். அடுத்த மாதமே, சோனி உலகப் புகைப்பட விருதின் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், தன் படம் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது என்று தாமே அறிவித்து விருதை மறுத்தார். அவர் வாய்திறந்ததால் தெரிந்தது. இன்று கைப்பேசி தருகிற படம் பல சட்டகங்களைக் கலந்து, நமக்கு எது பிடிக்கும் என்ற கணிப்பையும் சேர்த்துச் சமைத்தது. அதில் நம்மை மறுத்துப் பேசக்கூடிய அடுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. நம் குழந்தையின் முகத்தை, அது எப்படி இருக்க வேண்டுமென்று முன்பே முடிவுசெய்த ஓர் இயந்திரத்திடமிருந்து வாங்கிக்கொள்கிறோம். ஷெர்லி அட்டை இன்னும் ஓய்வு பெறவில்லை. அதற்குக் கணக்குப் போடத் தெரிந்துவிட்டது, அவ்வளவே.

5

இப்போது முதலில் சொன்ன குப்பைத் தொட்டிக்கு வருகிறேன்.

சுருளைக் கழுவித்தரும் ஆய்வகத்தார் பலரும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. இளம் வாடிக்கையாளர்கள் சுருளைக் கொடுக்கிறார்கள். ஆய்வகம் அதைக் கழுவி, ஸ்கேன் செய்து, படங்களை மின்னஞ்சலில் அனுப்புகிறது. அவர்கள் அவற்றைச் சமூக ஊடகத்தில் பதிகிறார்கள். நெகட்டிவை வாங்க வருவதில்லை. சிலர் வேண்டாமென்று படிவத்திலேயே குறித்துவிடுகிறார்கள். சில மாதங்கள் வைத்திருந்து பார்த்துவிட்டு ஆய்வகம் அவற்றைக் கழித்துக்கட்டுகிறது. ஃபிலிம் மறுமலர்ச்சி என்று நாம் மகிழ்ந்து பேசுவதில் கணிசமான பகுதி இதுதான்.

இதற்கு என்ன பெயர் சொல்வது? ஏட்டைப் படியெடுத்த பின் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களை நாம் இன்றும் நொந்துகொள்கிறோம். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓம குண்டத்தில் இட்ட செய்தியைக் கேட்டு உ.வே.சா. துடித்ததைப் பாடமாக நடத்துகிறோம். அவர்களுக்காவது அது புனிதச் சடங்கு என்ற நம்பிக்கை இருந்தது. தாம் எடுத்த படத்தின் ஒரே மூலத்தை, வாங்கப் போகச் சோம்பலாக இருக்கிறது என்பதற்காகக் கைவிடுகிறவர்களுக்கு எந்தச் சாக்கும் இல்லை. மிஞ்சியிருக்கும் ஸ்கேன் என்பது ஆய்வக இயந்திரத்தின் ஒரு வாசிப்பு. நிறம், மாறுபாடு, ஓரங்கள் யாவும் அதன் முடிவு. அதை மட்டும் வைத்துக்கொள்பவர் ஃபிலிமின் செலவை ஏற்று, அதன் மணத்தை நுகர்ந்து, அதன் பயனை உதறியிருக்கிறார். அவரைவிட, ரா கோப்பை இரண்டு வட்டுகளில் சேமித்துவைக்கும் டிஜிட்டல்காரர் ஃபிலிமின் அறத்துக்கு நெருக்கமானவர்.

பக்தியின் விளைவு இது. ஆன்மா, மாயம், வாசனை என்றே பேசிப் பேசி, பொருளை மறக்கப் பழக்கிவிட்டோம். ஃபிலிம் என்பது ஒரு நிறச்சாயல் என்று இளைஞர்கள் எண்ணினால் குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. அப்படியே அவர்களிடம் அதை விற்றோம், அப்படியே அதைப் பற்றி எழுதினோம்.

தமிழ்நாட்டில் இந்தக் குற்றத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நூறாண்டுக்கு மேலாக நம் சிற்றூர்களிலும் ஸ்டூடியோக்கள் இருந்தன. அரசரும் அமைச்சரும் அல்லாதவர்களின் முகங்கள் முதன்முதலாகப் பதிவானது அங்கே. டிஜிட்டல் வந்து ஸ்டூடியோக்கள் மூடியபோது கண்ணாடி நெகட்டிவ்கள் சுரண்டப்பட்டுச் சட்டம் போடும் கண்ணாடியாயின. ஃபிலிம் நெகட்டிவ்கள் எடைக்குப் போயின. பாண்டிச்சேரியின் ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று எஞ்சியவற்றை மின்வடிவாக்கியது. நம் தாத்தா பாட்டிகளின் முகங்களைக் காக்கும் பணிக்கு ஒரு ஃபிரெஞ்சு நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் நூலகமும் தேவைப்பட்டன என்பதைப் பாராட்டாகவும் படிக்கலாம், வெட்கமாகவும் படிக்கலாம்.

ஆகவே ஃபிலிமை நேசிப்பதாகச் சொல்லும் நண்பர்களிடம் என் கேள்விகள் எளியவை. போன ஆண்டு நீங்கள் கழுவக் கொடுத்த சுருள்களின் நெகட்டிவ்கள் எங்கே? அவை எந்த உறையில், எந்தத் தேதியோடு, எந்த ஊரின் பெயரோடு இருக்கின்றன? உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய ஸ்டூடியோ உறை கிடக்கிறதே, அதிலிருக்கும் முகங்களின் பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர் எவரேனும் இன்னும் இருக்கிறாரா? அவரிடம் உட்கார்ந்து எழுதிக்கொண்டீர்களா?

இவற்றுக்குப் பதில் உள்ளவர் கைப்பேசியில் மட்டும் படமெடுத்தாலும் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. பதில் இல்லாதவர் எத்தனை லைக்கா வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாலும், அவர் நேசிப்பது ஃபிலிமோடு நிற்கும் தன் தோற்றத்தைத்தான். நாளை ஆய்வகம் திறந்திருக்கும். போய் உங்கள் நெகட்டிவ்களை வாங்கி வாருங்கள்.